மலையேறும் கழுதையைச் சுட வேண்டாம்

அனுப்புநர்:
செங்கல் சூளைக் கழுதைக்காரரின் மனைவி,
சூளைக்குப் பின்புற ஓட்டு வீடு.

பெறுநர்:
உயர்திரு படைமுகாம் தலைமை அதிகாரி அவர்கள்,
மலையடிவாரச் சோதனைச் சாவடி.

பொருள்: எங்கள் கழுதையைச் சுடும் உத்தரவை நிறுத்தவும், அதன் பின்னே ஆளனுப்பி என் கணவரைத் தேடவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. லாரி ஏறாத மலைக்காவல் நிலைக்குத் தண்ணீரும் தோட்டாவும் சுமக்கத் தங்கள் வீரர்கள் எங்கள் கழுதையைக் கேட்டார்கள். என் கணவர் குரல் கொடுத்தாலன்றி அது நகராது என்பதால் அவரையும் அழைத்துப் போனார்கள். இடையில் ஒருமுறை வந்தவர், "அங்க என்னைவிட அதுக்குத்தான் மரியாதை, மொதல்ல அதுக்குத்தான் தண்ணி காட்டுறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

2. சென்ற வாரம் மலைமேல் குண்டு விழுந்த மறுநாள் கழுதை மட்டும் திரும்பியது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இது நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. விலாவில் காயம். காயத்தின்மேல் என் கணவரின் சட்டையைக் கிழித்து இறுகக் கட்டியிருந்தது. ஐயா, கழுதை தனக்குத் தானே கட்டுப் போட்டுக்கொள்ளாது. குண்டு விழுந்த பிறகும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

3. தங்கள் முகாமில் கேட்டதற்கு, "மேலே யாரும் இல்லைம்மா, எல்லாரும் இறங்கியாச்சு" என்றார்கள். ஆனால் கழுதை தினமும் விடியலில் மலைக்குப் புறப்படுகிறது. காவல் நிலைக்குப் போகும் பாதையை விட்டுவிட்டுப் பள்ளத்துப் பக்கம் திரும்புகிறது. பின்னே போன என்னைச் சாவடிக் காவலர் தடுத்தார். காலில் கட்டோடு நின்ற அவர், "அக்கா, போன மாசம் மேலே அடிபட்டுக் கிடந்த என்னைச் சுமந்து எறக்குனதே இதுதான். ஆனா உங்களை மேலே போக விட எனக்கு உத்தரவு இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

4. கழுதை எதிரிக்கு வழி காட்டிவிடும், நாளை காலை கண்டால் சுடுங்கள் என்று தாங்கள் உத்தரவிட்டதாக அறிகிறேன். தங்கள் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் யாருமே இல்லாத இடத்துக்குப் போகும் வழியை எதற்கு மறைக்க வேண்டும்?

5. கழுதையைச் சமையலறைக்குள் கட்டி வைத்திருக்கிறேன். நான் கிளம்பும்போதும் கதவை உதைத்துக்கொண்டே இருந்தது. தாங்கள் பெரிய மனது வைத்து இரண்டு வீரர்களை அதன் பின்னே அனுப்ப வேண்டுகிறேன். விடியும்வரை யாரும் வராவிட்டால் நானே அதை அவிழ்த்துக்கொண்டு கிளம்புவேன். தங்கள் காவலர்கள் துப்பாக்கியைத் தூக்குமுன் நன்றாகப் பார்க்கும்படி சொல்லிவையுங்கள் ஐயா: முன்னால் போவது கழுதை, பின்னால் வருவது நான்.

இடம்: சாவடி வெளிவாசல்
நாள்: இன்று, பொழுது சாயும் வேளை

இப்படிக்கு,
பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
கழுதைக்காரரின் மனைவி
(கையொப்பம்)