சர்க்கரை ஒட்டாத செல்

அக்டோபர் 14, செவ்வாய்

தஞ்சாவூர். காலையிலிருந்து தூறல். ஆய்வகத்தில் செல்களுக்குத் தீனி மாற்றியாயிற்று. மார்பகப் புற்றுச் செல்கள். புரதங்களில் சர்க்கரை ஒட்டவிடாத மருந்து கொடுத்த தட்டில் வளர்ச்சி நின்றிருக்கிறது. நான் நினைத்தபடியே செல் தன்னையே தின்னத் தொடங்கிவிட்டது! என் ஆய்வை வழிநடத்தும் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "நின்னுருக்கு. சாகலயே. அவசரப்படாதே."

வாங்க: குடை. மதினிக்குத் தலையில் கட்டப் பருத்தித் துணி. கீமோவில் முடியெல்லாம் போய்விட்டது. அவளுக்கும் இதே புற்றுதான். அண்ணன் துபாயில்.

அக்டோபர் 15, புதன்

மேடம் சொன்னது சரி. தன்னைத் தின்பதையும் சேர்த்துத் தடுத்த தட்டில்தான் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடக்கின்றன. அப்படியானால் அது தின்பது சாவதற்கு இல்லை, பிழைப்பதற்கு. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்தித் தின்பதுபோல. காரியக்காரச் சனியன்.

அக்டோபர் 17, வெள்ளி

அறந்தாங்கி. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாயிற்று. நல்ல மழை. மதினிக்கு இன்று கீமோ ஏற்றவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் குறைவு, எடையும் குறைவு. நர்ஸ் கேட்டாளாம்: "சாப்புடுறீங்களா இல்லையா?" புரட்டாசி விரதம் என்று அம்மா நினைத்திருக்கிறாள். மருந்து வயிற்றைப் புரட்டுகிறது என்று நான். போனில் அண்ணன் அழுகை. பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

அதிரசம். பாகு பதம் தப்பி அம்மாவுக்கு எரிச்சல். ஒன்றை மதினியிடம் நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"நீதானே சொன்னே? சர்க்கரை ஒட்டலேன்னா அது தன்னையே தின்னுருமுன்னு. அதான் அதுக்கு நான் ஒண்ணுமே குடுக்கல."

ஆடியில் லீவுக்கு வந்தபோது நான் அளந்தது. என்ன படிக்கிறே என்று கேட்டாள், பெருமையாகச் சொன்னேன். அது வாயில் போடும் சர்க்கரையா? செல் தானே செய்து புரதத்தில் மாட்டிக்கொள்வது. அதைச் சொல்லாமல் விட்டேனே. என் வாயில் மண்ணைப் போட.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச்சத்தம், மேகமூட்டம். எண்ணெய் வைக்க மதினிக்கு முடி இல்லை. அம்மா உச்சியில் தொட்டு வைத்துவிட்டு அங்கிட்டுப் போய் அழுதாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "மதினி, பட்டினி போட்டா அது பொழச்சுக்கிருது. என் கண்ணால பாத்துட்டேன். ஒங்க ஒடம்புதான் தாங்காது. மருந்து ஏத்தணும்னா நீங்க சாப்புடணும்."

மதினி தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப இத்தன நாளா தன்னையே தின்னது நாந்தானா?"

இட்லியைப் பிட்டுக் கறிக்குழம்பில் தோய்த்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.