கட்டை இரண்டு விரல் நீளம்

உம்தோம்பே முகாம், வாங்கே
3 மே 2009

அன்புள்ள நியாத்தி,

சுகமா? இங்கே மழை விட்டு, புல் காய்ந்து, வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எல்லைக்கு அப்பால் சாமான் கொண்டுபோகும் மலயிட்சா வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா வறுத்த மொபானிப் புழுவும் கொடுத்தனுப்புகிறேன். போன முறை எல்லை தாண்டும்போது பாதியை அவரே தின்றுவிட்டார் என்று எழுதியிருந்தாய். இந்த முறை டப்பாவை நாடாவால் சுற்றியிருக்கிறேன். நாடா கிழிந்திருந்தால் அங்கேயே சண்டை போடு.

எழுத்துத் தேர்வு முடிந்தது. இனி காட்டுத் தேர்வுதான். ஆகஸ்டில் தேர்வாளர்கள் வருவார்கள். அவர்கள் பார்க்க ஒரு காட்டெருமையைச் சுட்டு வீழ்த்தினால் எனக்கு வேட்டை வழிகாட்டி உரிமம் கிடைக்கும். பிறகு யாருக்கும் பின்னால் தண்ணீர்ப் பை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். பையன்கள் கேலி செய்கிறார்கள். "புருஷன் நியாத்தி, எருமைக் குலம். மாமனாரையா சுடப் போற, மாசிபண்டா?" என்கிறான் ஒருத்தன், நான் உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே என்னைக் குலப் பெயர் சொல்லி. "நான் சிங்கக் குலம்டா. எங்க வீட்ல அதுதான் சாப்பாடு" என்றேன். உனக்குக் கோபம் வரக்கூடாது.

துப்பாக்கிதான் தொல்லை. முதலாளி ஹாலெட் தன் தாத்தாவின் நானூற்று ஐம்பத்தெட்டு ரகப் பெரிய துப்பாக்கியை எனக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கிழவர் எந்த வாசலிலும் குனிந்தே நுழைந்த உயரமான ஆள். தோளில் பதிக்கிற மரக்கட்டை அவர் கைக்கும் கழுத்துக்கும் அளவெடுத்துச் செய்தது. நான் தோளில் வைத்தால் தோளில் உட்காராது, கையும் தோளும் சேரும் இடத்தில் போய் நிற்கும். சுட்டால் கழுதை உதைத்த மாதிரி. தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. இடது கையால் சாப்பிடுகிறேன். "கல்லு மாதிரி நில்லு" என்கிறார்கள். கல் மாதிரி நின்றேன். அடி முழுவதையும் கல்தான் வாங்கியது.

உன்,
நொம்புலேலோ

*

டெம்பிசா, ஜோகன்னஸ்பர்க்
17 மே 2009

அன்பு மாசிபண்டா,

நாடா கிழியவில்லை. புழு முழுசாக வந்தது. என் அறைக்கூட்டாளிகள் இரண்டே நாளில் தீர்த்துவிட்டார்கள். சிங்கக் குலத்தில் பெண் எடுத்தது என் தப்பு, சொந்தக்காரர்களை நீ சுட்டால் நான் என்ன செய்ய முடியும்.

போன வருஷம் மே மாதம் மாதிரி இந்த வருஷம் யாரும் எங்களை வெளிநாட்டான் என்று தெருவில் விரட்டவில்லை. ஆனாலும் எல்லைக் கம்பி தாண்டி வந்த நாங்கள் பஸ்ஸில் வாய் திறப்பதில்லை. பேச்சிலேயே ஊர் தெரிந்துவிடும். நான் இப்போது பெரிய வீடுகளில் சமையலறை அலமாரி செய்கிறேன். ஒரு வீட்டம்மா நல்ல மாதிரி. வேலைக்குப் பெண் தேடுகிறார். தங்க அறையும் உண்டு. சும்மாதான் சொல்லி வைக்கிறேன்.

தோளைப் பற்றிப் படித்த அன்றே தைக்க உட்கார்ந்தேன். இதோடு ஒரு உறை வருகிறது. உள்ளே கெட்டி ரப்பர், வெளியே மாட்டுத் தோல். செருப்புத் தைக்கும் மலாவிக்காரர் வெட்டிக் கொடுத்தார், தையல் என்னுடையது. கட்டையின் முனையில் மாட்டி இழுத்துக் கட்டு. உதைக்கிறதை ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

தோளுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

உன்,
மெலுசி

*

உம்தோம்பே முகாம்
8 ஜூன் 2009

அன்புள்ள நியாத்தி,

உறை வந்தது. தையலைப் பார்த்து பையன்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பாராட்டு. மேஜையில் மணல் மூட்டை போட்டுச் சுட்டபோது பாதி வலிகூட இல்லை. கட்டைதான் இன்னும் கொஞ்சம் நீண்டுவிட்டது. பரவாயில்லை, வலி தேவலை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தடம் பார்க்கிறவர் பனுவேலை உனக்குத் தெரியும், நம் கல்யாணத்தில் குடித்துவிட்டு ஆட்டோடு ஆடியவர். அவர் நேற்று, "குடு, நான் ரொப்பித் தர்றேன்" என்று துப்பாக்கியை வாங்கி, நான் பார்க்காதபோது வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். நான் குறி வைத்து விசையை அழுத்தினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் மூக்கு தரையைக் குத்தியது. உதைக்காத துப்பாக்கிக்கு நானே பயந்து குனிந்திருக்கிறேன்.

"கண்ணைத் தொறந்து வெச்சிருந்தியா?" என்றார்.

"ஆமா."

"பொய் சொல்லாத தங்கச்சி. நான் துப்பாக்கியப் பாக்கல, உன் மூஞ்சியத்தான் பாத்தேன்."

கண்ணை மூடுகிறேன், மெலுசி. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தோள் தானாகக் கற்றுக்கொண்டுவிட்டது. பதினைந்து அடியில் எருமை வரும்போது கண்ணை மூடினால் என்ன ஆகும் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. பனுவேல் யாரிடமும் சொல்லமாட்டார்.

உன்,
நொம்புலேலோ

*

டெம்பிசா
21 ஜூன் 2009

மாசிபண்டா,

விட்டுவிடு. சுற்றி வளைக்கத் தெரியவில்லை எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு எருமைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு உரிமம் எதற்கு? வீட்டம்மாவிடம் பேசிவிட்டேன். அறையைப் பார்த்தேன், சன்னல் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை. நாம் இருவரும் ஒரே ஊரில் இருப்போம். கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்த நாட்களை விட பிரிந்திருந்த நாட்கள்தான் அதிகம். இங்கே இரவில் ஆள் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீ பக்கத்தில் இருந்தால் வரும்.

பாஸ்போர்ட்டை எடுத்து வை.

மெலுசி

*

உம்தோம்பே முகாம்
6 ஜூலை 2009

மெலுசி,

பாஸ்போர்ட் இருக்கிற இடத்தில் இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாலெட்டிடம் கேட்டேன். கட்டையை எனக்கு ஏற்றபடி வெட்டித் தாருங்கள் என்று நேராகவே கேட்டேன். என்னவோ அவர் பல்லைப் பிடுங்கக் கேட்ட மாதிரி பார்த்தார். "தாத்தாவோட துப்பாக்கி அது. வெட்டினா அப்புறம் அது விறகு. நீதான் அதுக்குப் பழகிக்கணும். வயித்துல கொஞ்சம் சதை போடு, எல்லாம் சரியாயிடும்." சொல்லிவிட்டு, ஆயுத அறையைத் துடைக்கச் சொன்னார்.

துடைத்தேன். அலமாரியில் அவர் மகன் கிரெக்கின் சின்ன மான் துப்பாக்கி இருந்தது. கட்டையில் ஒரு மெல்லிய கோடு. உற்றுப் பார்த்தால், வெட்டி மறுபடி ஒட்டியது. கிரெக் பன்னிரண்டு வயதில் சுடப் பழகியபோது அவனுக்காக வெட்டினார்களாம். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்திருந்து, பையன் வளர்ந்ததும் ஒட்டிவிட்டார்களாம். சமையல்காரர் சொன்னார். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்காக மரம் குறுகும். நமக்காக நாம்தான் நீள வேண்டும்.

அங்கேயே கதவைச் சாத்திவிட்டு அளந்து பார்த்தேன். முழங்கையை மடக்கி, கட்டையின் முனையை மடிப்பில் பொருத்தினால் விரல் விசையில் படிய வேண்டும். கிரெக்கின் பழைய கோடு வரை எனக்குப் படிகிறது. தாத்தாவின் துப்பாக்கியில், உறையைக் கழற்றின பிறகும், இரண்டு விரல் அகலம் எட்டவில்லை.

இது வியாழக்கிழமை. சனிக்கிழமை ஒரு வேட்டைக்காரர் காட்டெருமையை வயிற்றில் சுட்டுவிட்டார். அது புதருக்குள் போய்விட்டது. ஹாலெட் இடது பக்கம், நான் வலது பக்கம், நடுவில் பனுவேல் தடம் பார்த்துக்கொண்டு. வெறும் கையோடு. தடம் பார்க்கிறவர்களுக்குத் துப்பாக்கி தருவதில்லை, தெரியுமல்லவா. எருமை என் பக்கம்தான் வந்தது. நான் தூக்கினேன். கட்டையின் முனை அக்குளுக்குக் கீழே சட்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்து விடுவித்துச் சுட்டேன். மண்ணில் பட்டது. அதற்குள் எருமை பனுவேலைத் தூக்கி எறிந்துவிட்டது. ஹாலெட் சுட்டு வீழ்த்தினார். பனுவேலுக்குத் தொடை எலும்பும் விலா எலும்பும் முறிந்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்தில்லை.

அன்று மாலை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஹாலெட் விருந்தாளிகளிடம் சொன்னார்: "பொண்ணு பயந்துட்டா. பாவம்." நான் அவர்களுக்குத் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். பனுவேலிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தது அவர் ஒருத்தர்தான்.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீயும் என்னையே அளக்கிறாய், மெலுசி. அந்தச் சன்னல் வைத்த அறைக்கு நான் சரியாக இருப்பேனா என்று.

நொம்புலேலோ

*

டெம்பிசா
19 ஜூலை 2009

நொம்புலேலோ,

நீ எழுதியதில் ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கட்டையின் முனை சட்டையில் மாட்டிக்கொண்டது என்று எழுதியிருக்கிறாய். எந்த முனை? இரும்புத் தகடா, என் தோல் உறையா? தகடு வழுவழுப்பாக இருக்கும், துணியில் மாட்டாது. தோல் மாட்டும். உண்மையைச் சொல். எனக்குப் பொய் வேண்டாம்.

ஏற்கனவே நீளமான கட்டைக்கு ஒரு விரல் தடிமன் ரப்பரை நானே அனுப்பியிருக்கிறேன். பொருந்தாத கதவில் இன்னொரு பலகை அடிக்கிற தச்சன் உலகத்தில் உண்டா? உன் தோள் வலியை நினைத்தேன். வேறொன்றையும் நினைக்கவில்லை.

இதோடு மெல்லிய பல் ரம்பம் வருகிறது. வெட்டும் இடத்தில் முதலில் நாடாவை இறுக்கிச் சுற்று, இல்லாவிட்டால் மரம் சிலும்பும். நாடா மேல் கோடு போட்டு அறு. அவசரப்படாதே, அழுத்தாதே, ரம்பம் தன் எடையிலேயே போகட்டும். பழைய முனையின் சாய்வு மாறக்கூடாது. துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஹாலெட் கேட்டால் ஜோகன்னஸ்பர்க் தச்சன் வெட்டினான் என்று சொல். என்னைத் தேடி டெம்பிசா வரைக்கும் வரமாட்டார்.

வீட்டம்மா பதில் கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்வதைச் சொல்கிறேன்.

மெலுசி

*

உம்தோம்பே முகாம்
16 ஆகஸ்ட் 2009

அன்புள்ள நியாத்தி,

ஆமாம். உன் தோல் உறைதான் மாட்டியது. நீ கேட்டதால் சொல்கிறேன், கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டை என் அளவில் இருந்திருந்தால் உறைக்கே வேலை இருந்திருக்காது. இதை நீ மனதில் வைத்துக்கொண்டு தேயாதே. பனுவேலை ஆஸ்பத்திரியில் பார்த்து அவரிடமும் சொன்னேன். சிரித்தால் விலா வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் புருஷன் அவ்ளோ நல்லாத் தைப்பான்னா எனக்கு ஒரு மெத்தை தெச்சு அனுப்பச் சொல்லு. இந்தக் கட்டில் எருமைய விட மோசம்." நீ அனுப்ப வேண்டும், வேடிக்கை இல்லை. அவர் இனி தடம் பார்க்கப் போக முடியாது. முகாமிலிருந்து அவருக்கு ஒரு சர்க்கரைப் பொட்டலம் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

ஹாலெட் புலவாயோ போயிருந்தபோது கட்டையை அறுத்தேன். ஒளிந்து செய்யவில்லை. பகலில், பட்டறை மேஜையில், எல்லோரும் பார்க்க. நீ சொன்னபடி நாடா சுற்றி, இரண்டு விரல். ஒருத்தன் சிலுவை போட்டுக்கொண்டான். இன்னொருத்தன், "பாஸோட தாத்தா ராத்திரி வருவார்" என்றான். "வரட்டும், அவருக்கும் ஒரு அளவு எடுத்துடலாம்" என்றேன். இரும்புத் தகட்டைத் திரும்பப் பொருத்தினேன். வெட்டிய துண்டைத் துணியில் சுற்றி அவர் மேஜையில் வைத்தேன்.

வந்தார், பார்த்தார். கத்தின கத்தலில் கினிக்கோழிகள் பறந்தன. ஆனால் அடுத்த வருஷம் காட்டின் குத்தகையைப் புதுப்பிக்க உரிமம் உள்ள உள்ளூர்க்காரர் ஒருத்தர் பெயர் அவருக்கு வேண்டும். அவரிடம் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் தேர்வு வரைக்கும் என்னைத் துரத்த முடியாது. "தேர்வு முடிஞ்ச மறுநாள் நீ இங்க இருக்கக்கூடாது" என்றார். "தேறினா, நான் இல்லாம குத்தகை எப்படி வாங்குவீங்க பாஸ்?" என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

வலி போய்விட்டது என்று எழுதினால் பொய். அதே தோட்டா, அதே உதை. ஆனால் இப்போது கட்டை தோள் குழியில் உட்காருகிறது. முன்னால் சாய்ந்து நிற்கிறேன், உதைத்தால் உடம்போடு சேர்ந்து போகிறேன். அடி ஒரே இடத்தில் குத்தாமல் உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது.

வீட்டம்மாவிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு. நான் வரவில்லை. தேறினாலும், தேறாவிட்டாலும். உன்னை இங்கே வா என்று இழுக்கவும் மாட்டேன். ஆனால் வந்தால் வாங்கேயில் கதவு செய்ய ஆள் இல்லை, எல்லோரும் உன் ஊரில்தான் இருக்கிறார்கள். இரவில் இங்கே கேட்பது கழுதைப்புலிச் சத்தம்தான். அது நம் பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டுபிடிக்காது.

நாளைக் காலை தேர்வாளர்கள் வருகிறார்கள். சற்று முன்பு, பொழுது சாயும்போது ஆற்று மணலில் போய்ச் சுட்டுப் பார்த்தேன். வெற்றுத் தோட்டா போட்டு ஏமாற்றப் பனுவேல் இல்லை. அதனால் நானே என் முகத்தைக் கவனித்துக்கொண்டேன். விசையை அழுத்தினேன். குழல் வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை நீளத்துக்கு நெருப்பு வந்தது, மெலுசி. எதிரே மரத்தில் பட்டை சிதறி விழுந்தது. இந்தத் துப்பாக்கியில் இத்தனை மாதம் சுட்டிருக்கிறேன். நெருப்பு வருவதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

உன்,
நொம்புலேலோ