மார்கரேட்டா என்று யாரைக் கூப்பிட்டீர்கள்?

என் ஆசை அம்மாவுக்கு,

நாளை மறுநாள் உங்கள் முப்பத்தோராம் நாள். டோர்ட்மண்டில் மண்டபம் எடுத்தாயிற்று. அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு நினைவுப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. உங்கள் படம், தேவாரம், பிள்ளைகள் நாங்கள் எழுதும் ஆளுக்கொரு பக்கம். அந்தப் பக்கத்தில்தான் சிக்கல் வந்தது.

தங்கச்சி ஹனோவரிலிருந்து அனுப்பியது உங்களைப் பற்றியதே இல்லை, அம்மா. தன் பேரைப் பற்றி எழுதியிருந்தாள். மார்கரேட்டா. ஜெர்மனியில் அதைச் சுருக்கினால் கிரேட்டா, கிரேத்தே. பிரான்சில் மார்கெரித், அங்கே அது ஒரு வெள்ளைப் பூவுக்கும் பேர். இத்தாலியில் மார்கெரீத்தா, போலந்தில் மவ்கொஷாத்தா. வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீட்சாக் கடைக்குப் போனால்கூட பலகையில் முதல் வரியில் அவள் பேர்தானே இருக்கிறது.

நான் பொறாமைக்காரி. உங்களுக்குத் தெரியாததா? ஏழு வயதில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். அனுஷத்துக்கு ‘நி’ என்று எழுத்துப் பார்த்து எனக்கு நித்திலா என்று வைத்தீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் அந்தப் பேருக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார்கள். நாங்கள் வந்த அடுத்த வருடம் இங்கே பிறந்த அவளுக்கோ, எங்கள் அகதி விண்ணப்பங்களை நிரப்பித் தந்த மேல்மாடி ஜெர்மன் அம்மாவின் பேர். சைவப் பிள்ளைக்கு வேதக்காரப் பேரா என்று சொந்தக்காரர் முகம் சுளித்தபோதும் நீங்கள் அசையவில்லை. கடைகளில் பேர் எழுதிய கோப்பைகள் விற்பார்களே, அதில் அவளுக்கு எப்போதும் ஒன்று இருந்தது. நான் அடுக்கு முழுவதையும் தேடிவிட்டு வெறுங்கையோடு வருவேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் சனி ஞாயிறு மட்டும் வந்து போனாள். சூப்பும் கரண்டியுமாக நாள் முழுக்க நின்றது நான். நீங்களோ என் முகத்தைப் பார்த்து “மார்கரேட்டா” என்றீர்கள். நான் நித்திலா அம்மா என்றேன். திரும்பவும் அதே பேர். கரண்டியை வைத்துவிட்டு நான் வெளியே போய் நின்றது உங்களுக்குத் தெரிந்ததா?

அந்தக் கோபத்தோடுதான் தங்கச்சிக்கு போன் எடுத்தேன். கல்வெட்டு அம்மாவுக்கு, உன் பேருக்கு இல்லை, பக்கத்தை வெட்டப் போகிறேன் என்றேன்.

“கடைசி வரியை வாசிச்சனீங்களோ, அக்கா?”

வாசிக்கவில்லை. கோபத்தில் பாதியிலேயே விட்டுவிட்டேன். கடைசி வரி இதுதான்: அந்தப் பேர் கிரேக்கத்திலிருந்து வந்ததாம். முத்து என்று அர்த்தமாம். இத்தனை வருடமும் வயிற்றெரிச்சலில் நான் அதைத் தேடிப் பார்க்கவே இல்லை.

“நித்திலம் எண்டாலும் முத்துத்தானே, அக்கா. மேல்மாடி அம்மா தன்ர பேருக்கு அர்த்தம் சொன்ன உடனை, உங்கட பேரைத்தான் அம்மா இந்த நாட்டுப் பாசையில எனக்கு வைச்சவ. எனக்குச் சின்னனிலேயே சொன்னவ. நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை. உங்கட பழைய சட்டையெல்லாம் எனக்குத்தானே வந்தது. பேரும் அப்பிடித்தான் வந்தது எண்டு சொல்ல எனக்கு விருப்பமில்லை.”

உண்மையைச் சொல்கிறேன், அம்மா. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவளும் என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறாள் என்ற சந்தோஷம். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஏன் என்னிடம் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை? கட்டிலில் கிடந்து நீங்கள் கூப்பிட்டது யாரை, அவளையா, என்னையா? மருந்து மயக்கம் என்றார் டாக்டர். அவளைத்தான் கூப்பிட்டீர்களோ என்னவோ. இதைக்கூட அவளிடம்தானே சொல்லிவைத்தீர்கள் என்று இந்த நிமிடமும் எனக்கு எரிச்சல்தான்.

அவள் பக்கத்தை நான் வெட்டவில்லை. கடைசி வரியை மட்டும் முதல் வரியாக்கிவிட்டேன். மூத்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இனி எங்கே யார் மார்கரேட்டா என்று கூப்பிட்டாலும், அவளுக்கு முந்தி நான் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம், அம்மா.

உங்கள் மூத்த மகள்,
நித்திலா