லிஃப்ட் காலியா இருக்கிற நேரம்

ஜூன் 2

என் அன்புக் கொசுறுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லாத்தான் இருப்பே. பிடிவாதக்காரங்க கிட்ட ஜுரம்கூட பயந்துதான் வரும். அம்மாவோட முழங்கால் எப்படி இருக்கு?

விஷயம் உனக்கும் வந்திருக்கும். அரசாங்கக் கட்டடங்கள்ல லிஃப்ட் பழுது பாக்க மூணு கம்பெனியைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. ஒவ்வொரு ஆர்டருக்கும் மூணு பேரும் விலை கொடுக்கணும், யார் விலை குறைச்சலோ அவங்களுக்கு வேலை. ஒண்ணு என் சின்னக் கம்பெனி. இன்னொண்ணு நீ வேலை பாக்கிற பெரிய கம்பெனி. நேத்து ஒப்பந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "அங்கே விலை போடுறவங்க உங்க கூடப்பிறந்தவங்களாமே?"ன்னு கேட்டார். "ஆமா சார், எங்க அம்மா கடைசியில கொசுறா வாங்கினது"ன்னேன். மனுஷன் சிரிக்கவே இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார், தந்துட்டேன். எந்த வேலைக்கு என்ன விலைன்னு உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு வார்த்தை போகக்கூடாது. போனா ரெண்டு கம்பெனியும் வெளியே.

அதனால இனிமே போன் வேண்டாம். என் வாய் அவிழ்த்துவிட்ட மாடுன்னு எனக்கே தெரியும். கடிதம்னா ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சு, கூடாததை அடிச்சுடலாம். நீயும் அப்படியே செய்.

முதல் ஆர்டர் பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டுகள். மூணு பேருக்கும் வந்த காகிதம்தான், அதுல ரகசியம் இல்லை. அந்த வேலை கிடைச்சாத்தான் என் ஆறு மெக்கானிக்கையும் வச்சுக்க முடியும். கிடைக்கும். உன் அக்கா எதுல தோத்திருக்கா?

என்னை விட்டுட்டு எதிர்க் கம்பெனிக்குப் போனியே, அந்தக் கோபம் அப்படியே பத்திரமா இருக்கு. அம்மாவுக்கு ஒரு முத்தம். உனக்கு அரை முத்தம்.

உன் அக்கா

---

ஜூன் 7

மேஸ்திரி அக்காவுக்கு,

அரை முத்தம் வந்து சேர்ந்தது. அதுலயும் குறைச்சுட்டியா?

அம்மா முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் உன் பேரைச் சொல்லித் திட்டுறா, காரணம் கேட்டா "அவதானே லிஃப்ட் வச்சிருக்கா"ங்கிறா. நம்ம தொழில் என்னன்னு அவளுக்கு நேத்துதான் புரிய வச்சேன். ஒரு மெக்கானிக்குக்கு மணிக்கு இவ்வளவுன்னு பெரிய ஒப்பந்தத்திலேயே கட்டிப் போட்டாச்சு, அதை யாரும் தொட முடியாது. ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம்னு எழுதுறோம் பாரு, அதுதான் விலைன்னேன். "அப்போ அடுத்தவன் நேரத்தை விக்கிறீங்க"ன்னா. நான் பத்து வருஷமா இந்த வேலை பாக்கிறேன், எனக்கு இது தோணலை.

கோபம் உனக்கு மட்டும்தான் இருக்குன்னு நினைக்காதே. உன் கம்பெனியில இருந்தப்போ, கோர்ட் கட்டட வேலைக்கு நான் போட்ட நேரத்தை நீ பாதியா வெட்டினே. "வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னே. கைக்கு வந்துச்சு. பாத்துக்கிட்டது யாரு? உன் மெக்கானிக்குங்க, ஸ்பானர் அண்ணனும் மத்தவங்களும், ஞாயித்துக்கிழமையெல்லாம் கூலி இல்லாம வந்து முடிச்சாங்க. அவர் பொண்ணு பிறந்தநாளுக்குக்கூட வீட்ல இல்லை. அதான் எனக்குத் தாங்கலை. அதுக்காகத்தான் போனேன். சம்பளத்துக்காக இல்லை.

வேலையைப் பத்தி எழுதக்கூடாதுன்னே. இது பழைய வேலை, எழுதலாம்.

கொசுறு

---

ஜூன் 10

கொசுறுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சதும் பதிலுக்கு நாலு பக்கம் எழுதினேன். ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தேன். நாலு பக்கமும் கூடாததுதான், கிழிச்சுட்டேன். நம்ம ஏற்பாடு நல்லாவே வேலை செய்யுது.

ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் வெட்டலைன்னா கோர்ட் வேலையே வந்திருக்காது, அந்த மாசம் சம்பளமே இருந்திருக்காது. நீ நல்லவ, நான் கெட்டவ, சரி. ஆனா கம்பெனிக் கதவைத் திறந்து வைக்கிறது கெட்டவதான்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியைச் சுத்திக் காட்டுறாங்களாம், மூணு கம்பெனியும் வரணுமாம். அங்கே பாத்தா தெரியாத மாதிரி இருந்துடு. அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு வராதே, எனக்குச் சிரிப்பு வந்துடும்.

அக்கா

---

ஜூன் 15

மேஸ்திரி அக்காவுக்கு,

நீலச் சட்டையைத்தான் போட்டுக்கிட்டு வந்தேன். பாத்தியா?

அதிகாரி நமக்கு நடுவுலயே நடந்தார். கல்யாண வீட்ல சண்டை போட்ட சம்பந்திங்களை ஒதுக்கிவிடுற மாதிரி! நீ மோட்டார் ரூமை ஒரு பார்வை, கயித்தை ஒரு தட்டு, "போதும் சார்"னு கிளம்பிட்டே. உன் நடையைப் பாத்தே எனக்கு எரிச்சல் வந்துச்சு. இளைச்சிருக்கே. சாப்பிடுறியா இல்லையா?

எல்லாரும் போனதும் நான் மூணாவது மாடி பெஞ்சுல உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். சாப்பிட்டு முடிச்சு, கழுவிக் கவிழ்த்து, காய்ஞ்சும் போச்சு. லிஃப்ட் ஒரு தடவைகூட காலியா வரலை. ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், மறுபடியும் ஸ்ட்ரெச்சர். கடைசியில ஒரு புதுக் குழந்தை. அதோட அப்பா பயந்துபோய் எனக்கே வணக்கம் வச்சார்! அம்மா கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சா. உன் கிட்டயும் சொல்லணும்னு தோணுச்சு.

வேற விசேஷம் இல்லை. சாப்பிடு.

கொசுறு

---

ஜூன் 24

என் கொசுறுக்கு,

இந்தக் கடிதத்தை விலைக் கவர் பிரிச்சதுக்கு அப்புறம்தான் போடுறேன். அதனால நிம்மதியா படி.

நான் ஆஸ்பத்திரி வேலைக்கு விலை கொடுக்கலை. வருஷத்துக்கு ரெண்டு ஆர்டரைக் காரணம் சொல்லாம விடலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அதுல ஒண்ணைச் செலவு பண்ணிட்டேன்.

காரணம் உன் டிபன் பாக்ஸ்.

அந்தப் பெஞ்சுல நீ எதுக்கு உக்காந்திருந்தேன்னு உலகத்துல வேற யாருக்கும் புரியாது, எனக்குப் புரியும். என் கூட இருந்தப்போ தினமும் சொல்லுவியே, "லிஃப்ட் காலியா இருக்கிற நேரம்தான் நம்ம நேரம்"னு. நோயாளி போகும்போது லிஃப்டை நிறுத்த முடியாது. மெக்கானிக் பாதி நாள் சும்மா நிக்கணும், அதுக்கும் கூலி உண்டு. நீ அந்த நேரத்தையும் சேர்த்துப் போடப் போறேன்னு படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. உன் கணக்கு மொத்தமும் என் மேஜை மேல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் கீழே ஒரு நம்பர் எழுதினா வேலை எனக்குத்தான்னு தோணுச்சு, எழுதி ஒரு கவர்லயும் போட்டுட்டேன்.

அதுக்கு முன்னாடி நான் எழுதி வச்சிருந்த நம்பர்ல காத்திருக்கிற நேரமே கிடையாது. வழக்கம்போல. அதைக் கொடுத்திருந்தாலும் ஜெயிச்சிருப்பேன், ஸ்பானரும் மத்தவங்களும் மறுபடியும் ஞாயித்துக்கிழமை வந்திருப்பாங்க. ரெண்டு கவரையும் முன்னாடி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணு உன் கிட்ட திருடுறது, இன்னொண்ணு அவங்க கிட்ட திருடுறது. ரெண்டையும் கிழிச்சேன். மனசு விட்டு அழுதேன், அப்புறம் பசிச்சுது, நல்லா சாப்பிட்டேன். உன் உத்தரவுதானே.

ஆளுங்களைக் கூப்பிட்டு வேலை இல்லைன்னு சொன்னேன். ஸ்பானர், "விடுங்கம்மா, சும்மா வேலை செய்யறதுக்கு சும்மா உக்காந்திருக்கலாம், முதுகாவது மிச்சம்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்குத்தான் எனக்குக் கோர்ட் வேலை புரிஞ்சுது.

காரை வித்துட்டேன். அடுத்த ஆர்டர் வரைக்கும் ஆறு பேர் சம்பளத்துக்கும் தாங்கும். பஸ்ல போறேன், வாயாட ஆள் கிடைக்குது. அடுத்த ஆர்டருக்கு நானே டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுப் போவேன், பாத்துக்கோ.

ஒரே ஒரு கேள்வி. அந்த டிபன் பாக்ஸ் வரி உன் கணக்கைக் காட்டிக் கொடுக்கும்னு எழுதும்போது உனக்குத் தெரியுமா? சொல்ல இஷ்டமில்லைன்னா விட்டுடு.

அக்கா

---

ஜூலை 1

அக்கா,

எழுதும்போது சத்தியமா தெரியாது. குழந்தையைப் பத்தி உன் கிட்ட சொல்ற சந்தோஷத்துல எழுதினேன். தவளை தன் வாயால் கெடும்பாங்க, நான் டிபன் பாக்ஸால கெட்டேன்.

ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சேன். அப்போ தெரிஞ்சுது. அடிக்கப் பேனாவைக்கூட எடுத்துட்டேன். நீ மோட்டார் ரூமை விட்டு விறுவிறுன்னு போன நடை கண்ணு முன்னாடி வந்துச்சு, ஸ்பானர் அண்ணன் முகமும் வந்துச்சு. இந்தத் தடவையாவது நீ காத்திருக்கிற நேரத்தைச் சேர்க்கட்டும்னு பேனாவை மூடிட்டு, ஒட்டிப் போட்டுட்டேன். எங்க கம்பெனிக்கு நான் செஞ்சது தப்பு. தெரிஞ்சே செஞ்சேன்.

நீ என்ன செய்வேன்னு பயந்துகிட்டே இருந்தேன். என் நம்பருக்குக் கீழே ஒரு நம்பர் எழுதுவேன்னுதான் நினைச்சேன். மன்னிச்சுடு, உன்னை அவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்னிக்கே எங்க மேனேஜர் கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டினார், அப்புறம் அதிகாரியைப் போய்ப் பாத்துட்டு வந்தார். நீ விலையே கொடுக்காததால ஒப்பந்தத்துக்கு ஒண்ணும் ஆகலை. என்னை மட்டும் அரசாங்க ஆர்டர் பக்கத்துல இருந்து எடுத்துட்டாங்க. இனிமே ஹோட்டல், ஆபீஸ், கடைங்கன்னு தனியார் வேலைக்குத்தான் நான் விலை போடணும். அதுல நீ எங்கேயும் இல்லை. அங்கேயும் பெஞ்சு இருக்கும்.

ஆஸ்பத்திரி வேலை எங்களுக்கும் வரலை. மூணாவது கம்பெனி பாதி நேரத்தைப் போட்டு வாங்கிட்டுப் போயிடுச்சு. நேத்து அந்தப் பக்கமா போனேன். அவங்க மெக்கானிக் ரெண்டு பேர் மூணாவது மாடி பெஞ்சுல, என் இடத்துல உக்காந்திருக்காங்க. பாவமா இருந்துச்சு, ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இனிமே நமக்கு நடுவுல மறைக்க எதுவும் இல்லை. போன் பண்ணு. அம்மா சாயங்காலத்துல இருந்து போனை மடியிலயே வச்சுக்கிட்டிருக்கா, நான் தொட்டா அடிக்க வர்றா.

இதையும் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சேன். எதையும் அடிக்கலை.

உன் கொசுறு