பின்னணி இசையில் ஒரு மூச்சு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூட்டுவலி தவிர மற்றவை நலம். உன் நலத்தைப் பத்திரிகைகளே எழுதிவிடுவதால் விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம்.

நீ இசையமைத்த படத்தை நேற்று பார்த்தேன். மாமா முதல் தடவையா படத்துக்கு மியூசிக் போட்டிருக்கார், போகலேன்னா நல்லா இருக்காதும்மா என்று மகள்தான் இழுத்துப் போனாள். யாரோ கொட்டிய குளிர்பானம் திரையரங்கின் தரையில் காய்ந்து, அடிக்கு அடி செருப்பைப் பிடித்து இழுத்தது. இருக்கையின் கைப்பிடியில் எவரோ மென்று ஒட்டிய சூயிங்கம் இன்னும் ஈரமாக இருந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

படத்தில் ஒரு பெண் பெரிய வீடொன்றில் கதவுகளைத் திறந்துகொண்டே போகிறாள். கதை அவ்வளவுதான், மீதியை உன் இசை இட்டு நிரப்புகிறது. புரோகிரசிவ் ராக் என்று நீயும் உன் சடைமுடிக் கூட்டாளிகளும் வாசித்ததை நான் மறக்கவில்லை. பாட்டுத் தொடங்கும்போது உலை வைத்தால், முடிவதற்குள் உண்டு கை கழுவிவிடலாம். ஐந்தும் ஏழுமாகத் தாளத்தை ஒடித்து ஒடித்து வாசிப்பீர்கள். உன் அத்தான் ஒருவர்தான் கடைசிவரை எழுந்து போகாமல் கேட்பார். ஆகவே இந்தப் படத்தில் உன் கீபோர்டு பனிமூட்டம்போல் மெல்லப் பரவியபோது, பரவாயில்லை, வயது இவனுக்கும் அடக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அந்த வீட்டுப் பேய் வந்தது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. இழுக்கிறது, இழுக்கிறது, நின்றுவிடுகிறது. முடிந்தது என்று நாம் எண்ணும்போது சின்ன விசிலோடு மறுபடி இழுக்கிறது.

அது உன் அத்தானின் மூச்சு.

வேகத்தைக் குறைத்துவிட்டால் அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த மூச்சுக்குக் காவல் இருந்தவள் நான். அது நின்றபோதெல்லாம் என் மூச்சையும் நிறுத்திக்கொண்டு காத்திருந்தவள். அவர் கட்டிலருகே நீ மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இவன் நெஞ்சிலும் ஈரம் இருக்கிறது என்று நம்பினேன். உன் சட்டைப் பையில் ரெக்கார்டர் அல்லவா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். படம் முடிந்து படியிறங்கும்போது ஒருவன் தன் காதலியின் பிடரியில் வாயை வைத்து அதேபோல் இழுத்துக் காட்டினான். சீ, போடா என்று அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். நம்பாமல் உனக்குப் போன் செய்தாள். நீயோ கொஞ்சமும் கூசாமல், அது அத்தானுக்கு நான் செலுத்தற அஞ்சலிம்மா, அக்காவுக்குப் புரியும் என்றாயாம். அஞ்சலி செலுத்துகிறவன் யாருக்கென்று வாய்விட்டுச் சொல்வான். பேயின் மூச்சைக்கூட ஏழு மாத்திரைத் தாளத்தில் அமைத்த மேதை என்று பத்திரிகையில் ஒரு விமர்சகர் உன்னை மெச்சியிருக்கிறார். நீயும் மறுக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே புகைப்படத்துக்கு நிற்கிறாய். அது தாளமில்லை, தம்பி. நுரையீரல் கெட்டுப்போன ஒரு மனிதர் காற்றுக்குப் பட்ட பாடு.

அடுத்த மாதம் இசைத்தட்டு வெளிவருகிறதாமே. அதில் அந்த மூச்சு இருக்கக் கூடாது. யாரோ கார் ஓட்டும்போதும் பல் துலக்கும்போதும் அவர் இழுத்துக்கொண்டு கிடக்க நான் சம்மதிக்க மாட்டேன். மீறினால் என் வாசற்படியை நீ மிதிக்க வேண்டாம்.

இன்னொன்று. கதவு தானே பூட்டிக்கொள்ளும் காட்சியில், மூச்சுக்கு நடுவே தம்ளரை மேசையில் வைக்கும் ஓசை மணிபோல் நீண்டு கேட்கிறது. வைத்தது நான். வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அதன் பிறகு மூச்சு ஒரு கணம் கூர்மையாகிறது. வாய் திறக்கும் முன் அவருக்கு அப்படித்தான் ஆகும். சரியாக அந்த இடத்தில் உன் ஆர்கனைக் கொண்டுவந்து மூடியிருக்கிறாய். அந்தக் கடைசி நாட்களில் அவர் யாரிடமும் பேசவே இல்லை. திரும்பி வந்து, ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்டதற்கு, ஒண்ணுமில்லக்கா என்றாய்.

அவர் சொன்னது பெரிதாக ஒன்றும் இருக்காது. தலையணை உறுத்துகிறது என்றிருப்பார். விளக்கு கண்ணைக் குத்துகிறது என்றிருப்பார். என்மீது ஏதேனும் குறையாகவும் இருக்கலாம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. எதுவானாலும், உன் இசை ஒரு துளியும் கலக்காமல், வேகம் குறைக்காமல், அந்தப் பதிவை அப்படியே அனுப்பிவை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீண்ட நாள் நல்லபடியாக இரு. எனக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காது கேட்கும்போதே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அக்கா