அறுபத்தாறு என்று நீங்கள் சொன்ன இடுப்பு

அக்கா,

நேற்று சீசா பகுதியில் ஒரு தையற்கடையில் என் மகளின் கலியாண உடைக்கு அளவெடுத்தார்கள். தையற்காரி நாடாவை இடுப்பில் சுற்றி எண்ணைச் சொன்னதும், நான் எழுந்துபோய்க் குனிந்து நாடாவைப் பார்த்தேன். “அம்மா, அவ என்ன பொய்யே சொல்லப்போறா?” என்று மகள் சினந்தாள். நீங்கள் காலமாகி இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அவளுக்கு நான் எதை என்று சொல்வது?

கால்சா பகுதியில், எங்கள் இத்தாலிய முதலாளியம்மா சின்யோராவின் பட்டறை; மணப்பெண்கள் உடைக்குள்ளே இறுக்கிக் கட்டும் கோர்செட் தைக்கும் இடம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நீங்கள் மன்னார், நான் யாழ்ப்பாணம். மணப்பெண்களுக்கு அளவெடுத்து, எண்ணைச் சென்ரிமீற்றரில் சத்தமாகச் சொல்வது உங்கள் வேலை. அதை அட்டையில் எழுதி, துணி வெட்டி, எஃகுத் தகடுகளைச் செருகித் தைப்பது என் வேலை. மேலே போடும் உடையில் சின்னப் பிழையை மறைக்கலாம். கோர்செட்டில் முடியாது, முதுகில் கயிறு கட்டும் இடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் ஒரு மணப்பெண் தாயோடு வந்தாள். நீங்கள் “அறுபத்தாறு” என்றீர்கள். எழுதினேன், வெட்டினேன். அடுத்த கிழமை போட்டுப் பார்த்தபோது முதுகு மூன்று விரல் அகலத்துக்கு மூட மறுத்தது. “யார் வெட்டியது?” என்று தாய் கத்தினாள். சின்யோரா என்னைப் பார்த்தா. நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள்.

அவர்கள் போனபின் துணியை அளந்தேன். சரியாக அறுபத்தாறு. மறுநாள் காலை அட்டையை எடுத்தால், என் எண்ணுக்கு மேலே உங்கள் கையெழுத்தில் எழுபத்திரண்டு.

அப்போதுதான் உங்கள் தங்கச்சி ஊரிலிருந்து வந்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதென்று நினைத்தேன். வேலை போனால் பெர்மெசோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது; நான் இந்த நாட்டில் இருக்க முடியாது.

“என்ரை இடத்தை அவளுக்கு எடுக்கப் பாக்கிறியளோ அக்கா?”

“கொஞ்சம் பொறு பிள்ளை. இப்ப ஒண்டும் கேளாதை.”

நான் பொறுக்கவில்லை. அட்டையோடு நேரே சின்யோராவிடம் போனேன். அவ கேட்டதற்கு, “நான்தான் மாற்றினேன்” என்று மட்டும் இத்தாலியனில் சொன்னீர்கள். காரணம் சொல்லவில்லை. அன்றைக்கே உங்களை நிறுத்திவிட்டா.

சின்யோரா எழுபத்திரண்டுக்கே புதிதாக வெட்டச் சொன்னா. அதை எடுக்க அந்தப் பெண் தனியே வந்தாள். கோர்செட் அளவாக மூடியது. “மற்ற அக்கா எங்கே?” என்று கேட்டாள். சொன்னேன். அங்கேயே அழத் தொடங்கினாள். வயிற்றில் மூன்று மாதம். நாடா சுற்றும்போதே உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டதாம். தகப்பனுக்குத் தெரிந்தால் கலியாணத்துக்கு முன்பே துரத்திவிடுவார், தாய்க்கு முன்னால் எண்ணைச் சொல்லாதேயுங்கள் என்று உங்கள் காதில் கெஞ்சினாளாம்.

உங்களைத் தேடிக் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் பஸ் ஏறி வந்தேன். ஒரு உணவகத்தின் பின்கட்டில் கணவாய் துப்புரவு செய்துகொண்டிருந்தீர்கள். தலை நிமிர்த்தாமலே, “வந்திட்டியே” என்றீர்கள்.

“எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“முதல் நாளே அட்டையை மாத்துவம் எண்டுதான் இருந்தனான். நீ அதுக்குள்ளை வெட்டிப்போட்டாய். உனக்குப் பேச்சு விழேக்கை நான் வாய் திறக்கேல்லை. அது என்ரை பிழைதான்.”

“என்னை நம்பேல்லையோ?”

“இல்லை. சின்யோரா நெருக்கினால் நீ சொல்லிப்போடுவாய் எண்டு எனக்குச் சந்தேகம்.”

“சொல்லியிருக்கமாட்டன்.”

நீங்கள் கணவாயைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். நானும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருடம் பழகினோம். என் பிள்ளைகளை நீங்கள் தூக்கி வளர்த்தீர்கள், ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்தபடி நான் இருந்தேன். அந்தக் கதையை மட்டும் இருவருமே எடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா. அன்று அந்தப் பெண்ணின் விஷயம் எனக்குத் தெரிந்திருந்து, சின்யோரா ஒருமுறை அதட்டியிருந்தால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நீங்கள் என்னைச் சந்தேகித்தது சரி. நான் உங்களைச் சந்தேகித்ததுதான் பிழை.