ஆருக்கு என்று கேட்டவளுக்கு

கிளிநொச்சியைத் தாண்டும்போது பேருந்துக்குள் ஈர நெல்லின் வாசனை வந்தது. வீதியோரம் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தூசு என்று யன்னலை மூடப் போனார். "கொஞ்சம் திறந்திருக்கட்டும்" என்றேன். முன்பின் தெரியாதவரோடு நான் பேருந்தில் கதைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ போனபிறகு வந்த இரண்டாவது அறுவடை இது.

யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கினோம். நான் வவுனியாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்தேன். நீ உன் அப்பாவின் வயலுக்குத் திரும்பினாய். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊர் மாதர் சங்கத்துக்குத் தலைவியானாய். வெளிநாட்டு நிறுவனக்காரர் வரும் நாட்களில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவாய். உன் ஆங்கிலம் என்னுடையதைவிடக் குறைந்ததல்ல. பிறகேன் நான் என்று கேட்டதற்கு, "நீ தமிழில சொல்லி முடிக்குமட்டும் எனக்கு மறுமொழி யோசிக்க நேரம் கிடைக்குதெல்லோ. சும்மாவே கூப்பிடுறன் எண்டு நினைச்சனி?" என்றாய்.

உங்கள் ஊருக்கு ஒரு பல்நோக்கு மண்டபம் கட்டித் தந்தார்கள். வாசலில் 'மல்ரி பேர்பஸ் ஹோல்' என்று ஆங்கிலத்தில் பெரிதாகவும், தமிழில் சிறிதாகவும் எழுதியிருந்தது. மாபிள் தரை, கூரையில் மின்விசிறிகள். நாடா வெட்டிய கையோடு பூட்டிவிட்டார்கள். பூட்டைத் திறக்கும் திறப்பு பட்டணத்து அலுவலகத்தில் இருந்தது. ஊர்க்காரர் கேட்டால் கடிதம் தரச் சொன்னார்கள். நிறுவனக்காரர் கூட்டம் வைக்கும் நாட்களில் மட்டும் கதவு திறந்தது.

அந்த வருடம் அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்தது. உன் பக்கத்து வளவு வசந்தியின் நெல் படங்குக்குக் கீழே சூடேறிக் கிடந்தது. கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள். விற்கிற நெல் போனால் பரவாயில்லை என்று அழுதாளாம். அந்த நெல்லுக்குள் அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் இருந்தது. முளைவிட்டால் விதைக்க ஒன்றும் இருக்காது. நீ அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாய். திங்கட்கிழமை கடிதத்தோடு வரச் சொன்னார்கள்.

நீ திங்கட்கிழமை வரை பார்த்திருக்கவில்லை. ஒரு ஸ்குறூ டிரைவரை எடுத்துப்போய்ப் பிணைச்சலைக் கழற்றிக் கதவையே எடுத்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டாய். பூட்டு கதவிலேயே பத்திரமாகத் தொங்கியது. "பூட்டில நான் கை வைக்கேல்லை" என்று பிறகு எல்லாருக்கும் சொல்லித் திரிந்தாய்.

மறுநாள் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் திட்டத்தைப் பார்வையிட வந்தார். நானும் வந்திருந்தேன். மண்டபம் முழுக்க நெல். மின்விசிறிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. மூலையில் வசந்தி குந்தியிருந்து கையால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். கூட வந்த அலுவலர், நம்மைவிட இளையவர், முகம் கறுத்துப் போனார்.

"என்னக்கா இது? இந்தக் கட்டடத்தின்ரை பேர்பஸ் என்னெண்டு தெரியாதோ?"

"ஆருக்குப் பேர்பஸ், தம்பி?"

"கூட்டம், பயிற்சி, விழிப்புணர்வு. திட்டத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"நெல்லு முளைச்சால் நாங்கள் விடிய விடிய விழிப்பாத்தான் இருப்பம்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று பெண்மணி என்னைக் கேட்டார். மண்டபத்தின் பாவனை பற்றிச் சிறு கருத்து வேறுபாடு என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். நீ என் முழங்கையில் இடித்தாய்.

"எடியே, சீனி போடாதை. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. பேர்பஸ் எண்டால் அதுக்கு ஒரு ஆள் இருக்க வேணும். ஆள் இல்லாட்டி அது வாசல்ல தொங்கிற வெறும் போட். இந்தா இருக்கிறா ஆள், பேர் வசந்தி. இந்த நெல்லு பழுதாப்போனால் அவவுக்கு விதைக்க ஒண்டும் இல்லை. அவவை வெளியில விட்டிட்டு இந்த ஹோலுக்கு வேற என்ன பேர்பஸ் எண்டு கேள்."

சொல்லுக்குச் சொல் சொன்னேன். அப்படி நேராக ஒருவரைப் பார்த்து அதுவரை நான் எதுவும் சொன்னதில்லை. பேர்பஸ் என்ற அந்தச் சொல்லுக்கு நோக்கம், குறிக்கோள், எண்ணம் என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அந்த மூன்றுக்கும் ஆள் தேவைப்படவில்லை.

பெண்மணி நெல்லைச் சுற்றி ஓரமாக நடந்து வசந்தியிடம் போனார். பிறகு திரும்பி வந்து, திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பட்டணத்து அலுவலகத்தில் என்றார் அலுவலர். அடுத்த கிழமை திறப்பு உன் கைக்கு வந்தது. வசந்தி அடுத்த போகம் விதைத்தாள்.

இப்படி நல்லபடியாக முடிகிற கதைகளை நான் முழுதாக நம்புகிறவள் அல்ல. நினைத்தபடியே, நிறுவனக்காரரின் வழவழப்பான அறிக்கைப் புத்தகத்தில் நெல் நிறைந்த மண்டபத்தின் படம் தங்கள் திட்டத்தின் வெற்றி என்று வந்தது. உன் பெயரும் இல்லை, வசந்தியின் பெயரும் இல்லை. கோபத்தோடு உன்னிடம் காட்டினேன். நீ படத்தைப் பார்த்துச் சிரித்தாய். "போடட்டுமடி. புத்தகத்தில போட்டிட்டினமெல்லோ, இனிப் பூட்டேலாது."

அப்படியே ஆனது. உன்னைக் கடைசியாகக் கிடத்தியதும் அங்கேதான். அன்றும் கதவு அகலத் திறந்திருந்தது. வசந்தியின் மூத்தவள்தான் கதிரைகள் அடுக்கினாள்.

இப்போது எங்கள் துறைக் கூட்டங்களில் ஒவ்வொரு திட்டத்துக்கும் நோக்கங்கள் என்று ஒரு பக்கம் வாசிக்கிறார்கள். முன்பெல்லாம் ஆங்கிலப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுப்பேன். போன மாதம் புதிய வாசிப்பறை ஒன்றைப் பற்றி வாசித்தார்கள். பின்னேரம் நான்கு மணிக்கே அது பூட்டப்படும் என்றிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு விரிவுரை முடிவதே நான்கு மணிக்குத்தான். முள்ளியவளைக்கும் பளைக்கும் போகிறவர்கள் அதன்பிறகு பேருந்துக்காக மர நிழலில் நிற்பார்கள். "இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மிஸ், நீங்கள் எப்பவும் இதைத்தானே கேக்கிறீங்கள்" என்றார், சற்று அலுப்போடு.

எப்பவும் என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? "ஓம் சேர், எப்பவும்தான்" என்று சொல்லிவிட்டு, மறுமொழிக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.